எவர்சில்வரின் தோல்

மின்விசிறியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள், ஐயா. எனக்கு நேர்க்காற்று ஆகாது, இருமல் கிளம்பிவிடும். பயப்பட ஒன்றுமில்லை, ஒட்டிக்கொள்கிற இருமல் இல்லை. டாக்டர் அதற்கு நீளமாக ஒரு பெயர் சொன்னார். எனக்கென்னவோ தூசி என்றுதான் தோன்றுகிறது.

ஒன்றை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். என்னை யாரும் பிடித்து வரவில்லை. காலையில் குளித்து, சலவைச் சட்டை போட்டு, பேருந்தில் உட்கார இடம் கிடைத்து, நிதானமாக நானே வந்தேன். நீங்கள் ஆள் மாற்றி அடைத்து வைத்திருக்கிறீர்கள் என்று சொல்லத்தான் வந்தேன்.

உள்ளே இருப்பவரை நாங்கள் தையல்காரர் என்போம். துணி தைக்கிறவர் இல்லை, எங்கள் தொழிற்சாலையின் வெல்டர். இரண்டு குழாயை அவர் ஒட்டினால் அந்த ஒட்டு மெஷின் தையல் போட்டது போல ஒரே சீராக ஓடும். அதனால் அந்தப் பெயர். படகுத்துறையின் கைப்பிடிக் கம்பி ஒடிந்து விழுந்ததற்கு அவருடைய வெல்டிங்தான் காரணம் என்று உங்கள் நிபுணர் எழுதிக் கொடுத்திருக்கிறார். படித்தவர், வயதில் சின்னவர், அவரைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் அது தப்பு. ஒரு குற்றமும் செய்யாத மனிதர் உள்ளே கிடக்கும்போது எனக்குச் சோறு இறங்கவில்லை.

எவர்சில்வர் துருப்பிடிக்காது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பிடிக்கும். அதற்கு ஒரு தோல் உண்டு. கண்ணுக்குத் தெரியாது, காற்றுப் பட்டால் தானாக வளரும். அந்தத் தோல் இருக்கிறவரைக்கும் துரு கிட்டே வராது. வெல்டிங் சூட்டில் அது கருகிப் போகும். ஒட்டின இடத்தின் ஓரத்தில் மயில் கழுத்து மாதிரி நீலமும் மஞ்சளுமாக ஒரு நிறம் ஏறியிருக்கும், நீங்கள்கூடப் பார்த்திருப்பீர்கள். பார்க்க அழகுதான். ஆனால் அது புண். அதை ஆசிட்டில் முக்கி, கழுவி, உலர விட்டால் புதுத்தோல் பிடிக்கும். அந்த வேலையைத்தான் நான் தொழிற்சாலையின் பின்கட்டில், மீசை முளைத்த வயதிலிருந்து செய்துவந்தேன்.

இந்த வேலையில் ஒரு சங்கடம் இருக்கிறது. ஒழுங்காகச் செய்தால் செய்ததே தெரியாது. பெயின்ட் அடிக்கிறவனுக்கு நிறம் இருக்கிறது. தையல்காரரின் ஒட்டை வாங்க வருகிறவர்கள் விரலால் தடவித் தடவிப் பார்ப்பார்கள். என் தொட்டிக்குள் பளபளவென்று போகும், பளபளவென்று வெளியே வரும். பத்து வருஷம் கழித்துத் துருப்பிடிக்கவில்லை என்றால் அது எவர்சில்வரின் பெருமை. என் பெருமை இல்லை.

பெரியவருக்கு மட்டும் அது தெரிந்திருந்தது. முதலாளியை நாங்கள் பெரியவர் என்போம். வெளியாள் யார் வந்தாலும் மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு பின்கட்டு வரைக்கும் கூட்டி வருவார். "இந்த மனுஷன் இல்லேன்னா நம்ம சரக்கெல்லாம் பழைய ஆணிதான்" என்பார். அந்த ஒரு வார்த்தைக்காக நான் எத்தனையோ புகையை முழுங்கியிருக்கிறேன். அவருக்குக் கை கால் விழுந்து படுத்த பிறகு அவர் மருமகன் பொறுப்புக்கு வந்தார். தொழிற்சாலையில் எல்லோருக்கும் அவர் மாப்பிள்ளை. நேரில் சார், முதுகுக்குப் பின்னால் மாப்பிள்ளை.

கெட்டவர் இல்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள், நான் யாரையும் பழிக்கிற ஆள் இல்லை. வந்த சில மாதத்தில் ஒருநாள் என் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றார். கண்ணில் தண்ணீர் வடிந்தது, புகையால்தான்.

"இனிமே இந்த நைட்ரிக் புகையெல்லாம் வேணாம்ணே. சிட்ரிக்ல பண்ணிடலாம். இப்ப எல்லா இடத்துலயும் அதுதான்."

"சிட்ரிக்னா?"

"எலுமிச்சம்பழத்துல இருக்குதுல்ல, அந்தப் புளிப்புதான். பவுடரா வருது."

நான் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம். சர்பத் போடுகிற சாமானில் கப்பல் துறைக்குப் போகிற இரும்பை முக்கி எடுப்பேன் என்கிறார் ஒரு மனிதர், அதைக் கேட்டுக்கொண்டு தலையாட்டினேன். என் தொட்டிகளைக் காலி செய்தார்கள். எனக்குக் குளிர்சாதனம் வைத்த அறையில் ஒரு மேசை, சுழல்கிற நாற்காலி. பதவிக்குத் தரப் பரிசோதகர் என்று பெயர். எல்லோரும் கை கொடுத்தார்கள். தையல்காரர் வந்து, "அண்ணே, இப்பதான் உங்க முகத்துல ரத்த ஓட்டமே தெரியுது" என்றார். மனதில் கள்ளமில்லாத ஆள். அவர் சொன்னது எனக்கு எப்படி இருந்தது என்று அவருக்கு விளங்க நியாயமில்லை.

நான் அவசரப்பட்டு முடிவுக்கு வருகிறவன் இல்லை. என் அறை ஜன்னலில் இரண்டு கண்ணாடி ஜாடி வைத்தேன். இரண்டிலும் உப்புத்தண்ணீர். ஒன்றில் என் பழைய ஆசிட்டில் பதப்படுத்திய எவர்சில்வர் துண்டு, இன்னொன்றில் எலுமிச்சைப் பவுடரில் பதப்படுத்தியது. தினமும் வேலைக்கு வந்ததும் முதல் பார்வை அதில்தான். மழைக்காலம் போய் வெயில் வந்தது. எலுமிச்சைத் துண்டு கல்யாண வீட்டுத் தட்டு போல மின்னிக்கொண்டு கிடந்தது. என் துண்டின் ஓரத்தில் ஒரு புள்ளி துரு வந்திருந்தது. அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டேன். அந்த ஜாடியில் உப்பு சரியாகக் கலக்கவில்லை. பரிசோதனை என்றால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டாமா?

ஜாடி என்பது விளையாட்டு. உண்மை தெரிய வேண்டுமானால் கடல்காற்று வேண்டும், ஆள் கை பட வேண்டும், நாள்பட வேண்டும். எலுமிச்சையில் முக்கி எடுத்த முதல் பெரிய வேலை அந்தப் படகுத்துறைக் கைப்பிடிக் கம்பிதான். ஆகவே விடுமுறை நாட்களில் அங்கே போய் உட்கார ஆரம்பித்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு படகு போனால் அடுத்தது வர வெகுநேரம் ஆகும். துறை காலியாகக் கிடக்கும். டிக்கெட்காரர் கூண்டுக்குள் பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு சாய்ந்திருப்பார். இரண்டாம் முறை போனபோதே அவர் ஸ்டூலை எனக்குக் கொடுத்தார்.

"கம்பெனியிலேர்ந்து பாக்க வந்தேன்" என்றேன். பொய் இல்லை. நான் தரப் பரிசோதகர்.

"ஒரு வேலைய முடிச்சுக் குடுத்துட்டு திரும்பிப் பாக்குற கம்பெனிய இப்பதான் பாக்குறேன். உங்கள மாதிரி நாலு பேர் இருந்தா போதும்" என்றார்.

அது எனக்கு இதமாக இருந்தது, மறைப்பானேன்.

ஒவ்வொரு கம்பிக்காலின் அடியிலும் தட்டு மாதிரி ஒரு மூடி இருக்கும், ஐயா. கால் தரையோடு சேர்கிற ஒட்டை அது மறைக்கும். மேலே தூக்கினால் வழுக்கிக்கொண்டு ஏறும், விட்டால் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். நான் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். அவ்வளவு உப்புக்காற்றில், அவ்வளவு நாளில், ஒரு புள்ளி இல்லை. ஒட்டுகள் பச்சைக்குழந்தையின் முகம் மாதிரி துல்லியமாக இருந்தன. என்றைக்காவது வரத்தான் போகிறது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எப்போது? நான் ஓய்வு பெற்ற பிறகா? செத்த பிறகா? அப்போது வந்தால் யாருக்கு நினைவிருக்கும், பின்கட்டில் ஒருவன் இருந்தான் என்று?

வரப்போவதைக் கொஞ்சம் முன்னால் வரவழைத்தேன். நான் செய்தது அவ்வளவுதான்.

குளியலறை கழுவுகிற சாதாரண ஆசிட். எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். எவர்சில்வருக்கு அதைப் போலப் பகை வேறில்லை, தோலை உரித்துவிடும். ஒரே ஒரு காலில்தான் முதலில் செய்தேன். துருக்கறை வந்தால் போதும் என்று இருந்தேன். பழுப்பாகக் கண்ணீர்க் கோடு மாதிரி ஒரு கறை, யாராவது பார்த்துப் புகார் சொல்வார்கள், மாப்பிள்ளை என் அறைக்கு ஓடி வருவார், தொட்டிகளை மறுபடி நிரப்புவோம். ஒருவருக்கும் ஒரு சேதமும் இல்லை.

கறை வந்தது. அடுத்த முறை போனேன், காணவில்லை. டிக்கெட்காரர் பெருமையோடு ஒரு துணியைக் காட்டினார்.

"லேசா அழுக்குப் புடிச்சிருந்துச்சு. நான் சோப்புத் தண்ணி போட்டுத் தொடச்சுட்டேன். நீங்க வந்து பாத்தா மனசு கஷ்டப்படுவீங்கன்னு."

இப்படி எத்தனையோ தடவை. நான் வரவழைப்பேன், அவர் துடைப்பார். அந்த மனிதருக்குத் துடைக்காமல் இருக்க முடிந்திருந்தால் காரியம் கறையோடு முடிந்திருக்கும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

ஆகவே மூடிக்குள்ளேயே வேலையை வைத்துக்கொண்டேன். துணியை ஆசிட்டில் நனைத்து ஒட்டைச் சுற்றிக் கட்டி, மேலே மூடியை இறக்கிவிடுவேன். மறுமுறை போய்ப் புதுத்துணி. ஒரு கால் போனால் பக்கத்துக் கால்கள் தாங்கிக்கொள்ளும், தையல்காரரின் வேலை அப்படிப்பட்டது. அதனால் ஐந்து. வரிசையாக, வலது பக்கம், படகு வந்து அணைகிற இடத்தில்.

ஏன் அந்த இடம் என்று கேட்கிறீர்கள். அங்கேதான் ஸ்டூல் போட நிழல் இருந்தது.

என் மனைவி ஒன்று விட்டு ஒரு ஞாயிறு அக்கரையில் இருக்கிற அவள் தங்கை வீட்டுக்குப் போவாள். அந்த ஞாயிறும் கிளம்பினாள். செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவளிடம், "துறையில வலது பக்கம் நிக்காத. இடது பக்கம் நில்லு" என்றேன். "சரி" என்று போய்விட்டாள். நான் ஒரு நல்ல கணவன் என்பதை அக்கம்பக்கத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம்.

நான் அங்கே இல்லை. அவள் சொல்லித்தான் தெரியும். படகு வந்தது. யாரோ ஒரு கல்லூரிப் பிள்ளை ஊரிலிருந்து வருகிறான் என்று ஒரு குடும்பம் கையாட்டியபடி கம்பியில் சாய்ந்திருக்கிறது. பின்னால் வந்தவர்கள் அவர்கள் மேல் சாய்ந்திருக்கிறார்கள். சத்தமே இல்லையாம். கதவு திறந்துகொண்ட மாதிரி கம்பி வெளியே போனதாம். ஏழு பேர் தண்ணீரில், படகுக்கும் துறைக்கும் நடுவில். அந்தப் பிள்ளையின் அப்பா போய்விட்டார். இரவுப் பணி முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு நர்ஸ் போய்விட்டார். மூன்றாவது ஆள் டிக்கெட்காரர். அவர் கூண்டிலிருந்து ஓடிவந்து குதித்திருக்கிறார். இரண்டு பேரைத் தூக்கிவிட்டிருக்கிறார். மூன்றாம் தடவை முங்கியவர் எழவில்லை.

அவர் விழவில்லை, ஐயா. குதித்தார். அவரை என் பேரில் சேர்ப்பது சரியா என்று நீங்கள் ஒரு தடவை யோசிக்க வேண்டும்.

மாப்பிள்ளை மறுநாளே என் வீட்டுக்கு வந்தார். சவரம் செய்யாத முகம். நாற்காலியில் உட்காராமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணே, உங்கள விட்டா இதச் சொல்ல யாரும் இல்ல. சிட்ரிக்குக்கு மாத்துனதுதான் தப்பாயிடுச்சா?"

இந்தக் கேள்விக்காக எவ்வளவு நாள் காத்திருந்தேன். ஆனாலும் நான் பீற்றிக்கொள்ளவில்லை. "நான் அன்னிக்கே தலையாட்டினதோட நிறுத்தியிருக்கக் கூடாது" என்று மட்டும் சொன்னேன். அவர் தேம்பினார். நான் தோளில் கை வைத்தேன். போகும்போதுதான் சொன்னார்.

"நீங்க இருமுறதப் பாத்துட்டு உங்க வீட்டு அக்காதான்ணே என்கிட்ட வந்து அழுதாங்க. எப்படியாவது இவர அந்தப் புகையிலேர்ந்து வெளிய எடுங்க தம்பின்னாங்க. வேற வழி இருக்குதான்னு தேடித்தான் நான் இத ஆரம்பிச்சேன்."

இதெல்லாம் எனக்குத் தெரியாமல் நடந்திருக்கிறது. பெண்பிள்ளைகள் தொழில் விஷயத்தில் தலையிட்டால் இப்படித்தான் எங்கெங்கோ போய் முடியும். அவளிடம் நான் இதைக் கேட்கவில்லை. அவள்தான் என்னிடம் கேட்டாள், அடுப்படியில், பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பாமல்.

"அந்தப் பக்கம் நிக்காதன்னு ஏன் சொன்னீங்க?"

"வெயில் மூஞ்சியில அடிக்குமேன்னுதான்."

"காலையில வெயில் இடது பக்கம்தான் அடிக்குது."

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு அவள் குழாயை மூடினாள்.

"வெல்டர விசாரணைக்குன்னு புடிச்சுட்டுப் போனதுலேர்ந்து அவரு சம்சாரம் தினமும் வந்து என் கையப் புடிச்சுக்கிட்டு அழுவுறா. உங்களுக்குத் தெரிஞ்ச மனுஷன்தானே, உங்க வீட்டுக்காரர வந்து சொல்லச் சொல்லுங்கன்னு. நான் என்ன பதில் சொல்லட்டும்?"

"ஒண்ணும் சொல்லாத."

அன்றே அவள் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். துறை மூடியிருந்ததால் பாலம் சுற்றிப் பேருந்தில். போகிறபோது, "நீங்களா போனா உங்களுக்கு நல்லது. இல்லேன்னா நான் போவேன்" என்றாள். அவளுக்குப் பயந்து நான் வந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். அதற்குப் பிறகும் ஒரு மாதத்துக்கு மேல் நான் வீட்டில் நிம்மதியாகத்தான் இருந்தேன். நானே சமைத்தேன். தொழிற்சாலைக்குப் போனேன். எல்லோரும் என்னைப் பார்க்கிற பார்வையே மாறியிருந்தது. கேன்டீனில் எழுந்து இடம் கொடுத்தார்கள். "அண்ணன் இருந்தப்ப இப்படி நடந்துதா?" என்று பேசிக்கொண்டார்கள். பழைய தொட்டிகளைக் கழுவி வைக்கச் சொல்லி மாப்பிள்ளை உத்தரவு போட்டார். நான் பின்கட்டைப் பெருக்கி, எனக்குப் புதிதாக ஒரு முகமூடிகூட வாங்கி வைத்திருந்தேன்.

அப்போதுதான் உங்கள் நிபுணரின் அறிக்கை வந்தது. மாப்பிள்ளை எல்லோரையும் கூப்பிட்டு வைத்துப் படித்தார். பாவம், தையல்காரரை நினைத்து அவர் குரல் உடைந்தது. ஒடிந்த கால்கள் தண்ணீருக்குள் போய்விட்டன, கிடைக்கவில்லை. நின்ற கால்கள் அத்தனையிலும் மூடியைத் தூக்கிப் பார்த்திருக்கிறார்கள். ஓரிடத்திலும் துரு இல்லை. "மேற்பரப்புப் பாதுகாப்பு முற்றிலும் திருப்திகரம். பழுது வெல்டிங்கில் இருந்திருக்க வேண்டும்."

திருப்திகரம்.

சர்பத் பவுடருக்கு அரசாங்க முத்திரையோடு நற்சான்று. மறுநாளே தொட்டிகளை மறுபடி மூடிப் போட்டார்கள். எலுமிச்சை மூட்டை வண்டியில் வந்து இறங்கியது. கேன்டீனில் பழையபடி நான் நின்றுகொண்டு டீ குடித்தேன். அன்றிலிருந்துதான், ஐயா, எனக்குச் சோறு இறங்கவில்லை.

தையல்காரருக்காக என்றுதான் நீங்கள் எழுத வேண்டும். அவர் ஒட்டில் ஒரு குறையும் கிடையாது, என் வாயால் சொல்கிறேன். துறையின் வலது பக்கம், கீழே சேற்றில் ஐந்து கால்களும் கிடக்கும். முங்குகிற ஆள் யாரையாவது அனுப்பி எடுக்கச் சொல்லுங்கள். அடியைப் பாருங்கள். ஒட்டு போகவில்லை, ஒட்டைச் சுற்றித் தோல் போயிருக்கும். மேற்பரப்பு போனதால் போனது. அதை மட்டும் யாரும் மாற்றி எழுதக் கூடாது.

உங்கள் ரைட்டர் எழுதி முடித்துவிட்டாரா? படிக்கச் சொல்லுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

சரி. சரி. ஆமாம், மூன்று பேர் இறப்பதற்குக் காரணமாக, சரி, அப்படியே இருக்கட்டும். நில்லுங்கள், அந்த வரியை மறுபடி படியுங்கள்.

"ஐந்து கால்களிலும் ஆசிட்டை ஊற்றி" என்று எழுதியிருக்கிறார். ஊற்றவில்லை. துணியில் நனைத்து, சுற்றிக் கட்டி, ஊறவிட்டேன். தயவுசெய்து அதை அடித்துத் திருத்தச் சொல்லுங்கள். வேலை தெரியாதவன்தான், ஐயா, ஊற்றுவான்.